வர்த்தமானியும் மண்வெட்டியும்

2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் இலங்கைக்குள் இரசாயனப் பசளைகளும் பீடைநாசினிகளும் இறக்குமதி செய்யப்படுவது தடுக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலின்போது வெளியிடப்பட்ட ‘சுபீட்சத்தின் நோக்கு’ என்னும் கொள்கைப் பிரகடனம், நாட்டின் வேளாண்மை சேதனப் பசளைக்கு மாறுவதற்குப் பத்தாண்டுகளை வரையறுத்திருந்தது. அப்பத்தாண்டு ஒரே நாளாகச் சுருங்கியமைக்கு மண்மீது பிறந்த பற்றைவிட அந்நியச் செலாவணித் தட்டுப்பாடே பெருங்காரணம் எனப் பலர் கருதினர்; அக்கருத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. அவ்வாண்டு நவம்பர் முடிவதற்குள் தடை நீக்கப்பட்டதாயினும், பெரும்போகத்து நெல்லிற் பெரும்பகுதி அதற்குள் விதைக்கப்பட்டு, பசளையிடவேண்டிய பருவத்தையும் கடந்துகொண்டிருந்தது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேலாக வீழ்ந்தது.

இவ்வனுபவத்திலிருந்து இரு சாராரும் தத்தமக்கு வேண்டிய முடிவைப் பெற்றுக்கொண்டனர். சேதன வேளாண்மை நகரத்து மேசைகளிற் பிறந்த கனவே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ என்றனர் ஒரு சாரார். திட்டம் நன்று, அதை நடத்தியோரே தவறினர் என்றனர் மறுசாரார். பசளை மூடையை நிறுத்திய அந்நாளில், அதற்குப் பதிலாகத் தன் மண்ணில் யாது செய்யவேண்டும் என்பதைக் கமக்காரன் யாரிடம், எத்தனை போகம் கற்றிருந்தான் என்னும் வினாவை இரு சாராரும் எழுப்பவில்லை. கடைக்குச் சென்று வாங்கும் பொருளொன்றை வர்த்தமானியால் நிறுத்திவிடலாம். மண்ணுக்குள் காபனை மீளச் சேர்ப்பதென்பது கையாலும் கண்ணாலும் பழகிக்கொள்ளவேண்டிய தொழில். அதற்குப் போதனையும் போதிய காலமும் வேண்டும். மண்ணிற் காபன் சேரும் வகையை அறிந்தால், அத்தனை காலம் ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

தாவரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கி ஒளித்தொகுப்பினால் வெல்லமாக்குகின்றது. அவ்வெல்லம் முழுவதும் தண்டும் இலையும் தானியமும் ஆவதில்லை. ஒரு பகுதி வேர்வழியே மண்ணுக்குட் கசிகின்றது. வேரைச் சூழ்ந்து வாழும் பற்றீரியா, பங்கசு முதலிய நுண்ணங்கிகள் அதனையுண்டு பெருகி மடிகின்றன. மடிந்தவற்றின் எச்சங்கள் களித்துணிக்கைகளோடு இறுக ஒட்டிக்கொள்கின்றன. மண்ணில் நெடுங்காலம் தங்கும் காபனிற் பெரும்பங்கு இவ்வாறு நுண்ணங்கிகளின் உடலூடாகவே வந்து சேருகின்றது என்பதே அண்மைக்கால ஆய்வுகளின் போக்கு. உலகிலுள்ள மண்ணின் மேல் ஒரு மீற்றர் ஆழத்தில் மட்டும் ஏறக்குறைய 1,500 பில்லியன் தொன் சேதனக் காபன் அடங்கியிருப்பதாகக் கணித்துள்ளனர். இது காற்று மண்டலத்திலுள்ளதைவிடவும், தரைமேல் நிற்கும் தாவரங்கள் யாவற்றிலுமுள்ளதைவிடவும் மிகுதி. காடழித்து உழத் தொடங்கிய நிலங்கள் தம் தொடக்கச் சேமிப்பிற் காற்பங்கு முதல் முக்காற்பங்கு வரை இழந்துவிட்டன என்பது, பஞ்சாபிற் பிறந்து நைஜீரியாவின் இபாடானிலும் பின்னர் அமெரிக்காவின் ஒகையோவிலும் பணியாற்றி, 2020ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசைப் பெற்ற மண்ணியலறிஞர் ரத்தன் லாலின் மதிப்பீடு.

இழந்தது எவ்வாறு இழக்கப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும். வெப்பமும் ஈரமும் ஒருங்கே வாய்க்கும் நாடுகளில் நுண்ணங்கிகளின் பசி பெரிது. மண்ணைப் புரட்டுந்தோறும் ஒட்சிசன் உட்புகுகின்றது. கட்டிகளுள் ஒளிந்திருந்த சேதனப் பொருள் வெளிப்பட்டு உண்ணப்படுகின்றது. காபன் மீண்டும் காற்றுக்கே போகின்றது. திருக்குறளின் உழவு என்னும் அதிகாரம் ஏருழுதலினும் எருவிடுதலை மேலாக வைப்பது யாவரும் அறிந்ததே. அதற்கு முந்திய குறளோ, ஒரு பலப் புழுதி காற்பலமாகும்வரை நிலத்தைக் காயவிட்டால் ஒருபிடி எருவும் இன்றியே பயிர் செழிக்கும் எனக் கூறுகின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும். கென்யாவிற் பணியாற்றிய பேர்ச் என்னும் மண்ணியலாளர் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத உரையாக அமைகின்றது. நன்கு காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணங்கிகள் திடீரெனப் பெருகிச் சேதனப் பொருளைச் சிதைக்கின்றன. அதிற் கட்டுண்டிருந்த நைதரசன் விடுபட்டுப் பயிருக்குக் கிட்டுகின்றது. எருவின்றியும் விளையும் என்று புலவர் கண்டது மெய்யே. ஆனால் அவ்விளைச்சல் மண்ணின் வைப்பிலிருந்து எடுத்துச் செலவழித்ததாகும். எடுத்ததைத் திரும்ப வைப்பதற்கு அடுத்த குறளின் எரு வேண்டியிருக்கின்றது. உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் உழவின் படிகளாக வரிசைப்படுத்திச் சென்றனர். வரவு செலவுக் கணக்காக வாசிப்பதும் தவறாகாது.

கணக்கு என்றதும் 2021இல் எந்த மேடையிலும் விளக்கப்படாத ஓர் எளிய கணக்கு நினைவுக்கு வருகின்றது. ஓர் எக்டேயர் நெல்லுக்கு 100 கிலோகிராம் நைதரசன் வேண்டுமெனக் கொள்வோம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. ஏறக்குறைய 217 கிலோகிராம், அதாவது ஐந்து மூடைக்கும் குறைவு, போதுமானது. நல்ல கூட்டெருவில் நைதரசன் 1 முதல் 1.5 சதவீதமே. அதே அளவைப் பெற 7 முதல் 10 தொன் வரை வேண்டும். அதிலும் முதற்போகத்தில் ஒரு பகுதியே பயிருக்கு உதவும். எஞ்சியது மெல்ல மெல்ல வரும். ஐந்து மூடை யூரியாவைச் சைக்கிளில் இரண்டு மூன்று முறையிற் கொண்டுசென்று சேர்த்துவிடலாம். பத்துத் தொன் எருவுக்கு மாடு வேண்டும், குழை வேண்டும், உழவு இயந்திரப் பெட்டி வேண்டும், ஆள்வலு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக அவ்வெரு எங்கேயாயினும் உக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மண்ணில் நிலைத்த சேதனப் பொருளில் காபன் 12 பங்கு எனின் நைதரசன் ஏறக்குறைய 1 பங்கு இருக்கும். காபன் தனித்து மண்ணிற் குடியேறுவதில்லை. நைதரசனையும் பொசுபரசையும் கந்தகத்தையும் துணைக்கழைத்தே வரும். வைக்கோலிலோ காபன், நைதரசனைப்போல 60 மடங்குக்கும் மேல். வைக்கோலை உழுது புதைத்த உடனே விதைத்தால், அதனை உண்ண முனையும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கென எடுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளிக்கும். புதைத்துச் சில கிழமைகள் பொறுத்தாலோ, சணல் போன்ற அவரையினப் பயிரொன்றை உடன் சேர்த்தாலோ இத்தொல்லை நீங்கும். சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். சொல்லிக்கொடுக்காதவிடத்து ஒரு போகமே போய்விடும்.

மறுபுறத்தில் மண்ணின் வரவையும் பார்க்கலாம். ஓர் எக்டேயரில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் ஏறக்குறைய 2,000 தொன் மண் உண்டு. அதன் சேதனக் காபனை 1 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாக உயர்த்துவதெனின் 2 தொன் காபன் தங்கவேண்டும். இடும் காபனிற் பத்திலொன்று முதல் ஐந்திலொன்று வரையே தங்குமெனின், அதற்கு உலர்ந்த குழையாக 22 முதல் 44 தொன் வரை தேவைப்படும். ஆண்டுதோறும் நாலரைத் தொன் அளவில் இட்டால் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் செல்லும். வழமையாக மண் இழப்பதை ஈடுசெய்வதற்கான எரு இதிற் சேராது. ‘சுபீட்சத்தின் நோக்கு’ குறித்த பத்தாண்டு இவ்வகையில் நோக்குமிடத்து மிகையான கால எல்லையன்று. அதை எழுதியவர்களுள் மண்ணறிந்தோர் எவரோ இருந்திருக்கவேண்டும்.

இன்று மீளுயிர்ப்பு வேளாண்மை எனப்படும் முறைமைக்கு அப்பெயரை 1980களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரொபேட் ரொடேல் பரப்பினார். அவருடைய நிறுவனம் 1981இல் இரசாயன முறையையும் சேதன முறையையும் அருகருகே வைத்து ஆரம்பித்த வயற்பரிசோதனை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருவது. பெயர் புதியது; உள்ளடக்கத்திற் பாதிக்கு மேல் பழையது. நிலத்தை இயன்றவரை புரட்டாது விடுதல், ஆண்டு முழுவதும் அதன்மேல் ஏதேனும் பச்சை நிற்கச் செய்தல், வெறுமையான இடத்தை இலை தழையால் மூடுதல், ஒரே பயிரை மீண்டும் மீண்டும் நடாமை, கால்நடையைப் பயிரோடு இணைத்தல் என்பனவே இதன் சாரம். இவற்றை ஒரு சுவரொட்டியில் அச்சிட்டுக் கமநல சேவை நிலையத்தில் ஒட்டிவிடலாம். அப்படி ஒட்டப்பட்டவற்றை வாசித்து எவரும் தம் தோட்டத்தை மாற்றியதாகத் தெரியவில்லை.

நன்றாக நடத்தப்படும் பயிற்சிகள் சுவரொட்டியிலிருந்து தொடங்குவதில்லை. அவை இரண்டு மண்கட்டிகளிலிருந்து தொடங்கும். ஒன்று ஆண்டுதோறும் உழுது இரசாயனப் பசளை மட்டும் இட்ட நிலத்தினது. மற்றது வேலியோரத்தில் மரநிழலில் எவரும் கைவைக்காத நிலத்தினது. இரண்டையும் உலர்த்தி, நீர் நிறைந்த இரு கண்ணாடிப் பாத்திரங்களில் வலைத்துண்டின் மேல் வைப்பர். முதலாவது கட்டி சில நிமிடங்களிற் கரைந்து நீரைக் கலக்கிவிடும். இரண்டாவது உருக்குலையாது நிற்கும். அதைப் பிடித்து நிறுத்துவன வேர்நுனிகளும் பங்கசு இழைகளும் நுண்ணங்கிகள் சுரந்த பசையும் ஆகும். மழைநாளில் தன் தோட்டத்து வாய்க்காலில் செந்நீர் ஓடுவதை ஆண்டுதோறும் கண்டிருப்பவனுக்கு அதன்பின் விளக்கவுரை அதிகம் தேவைப்படாது. அடுத்து, அடியும் மூடியும் நீக்கிய தகரப்பேணியொன்றை மண்ணில் அழுத்தி, அளந்த நீரை ஊற்றி, அது உட்செல்ல எடுக்கும் நேரத்தைக் கணிப்பர். ஓரடி ஆழம், ஓரடி அகலத்துக்கு மண்ணைத் தோண்டியெடுத்துச் சாக்கின் மேற் பரப்பி மண்புழுவை எண்ணுவர். மண்ணை முகர்ந்து பார்க்கச் சொல்வர். முதல்மழையின் மணமுடையதும், புளித்த நாற்றமுடையதும், எம்மணமும் அற்றதும் வெவ்வேறு செய்தி கூறும். மேல்நாடுகள் சிலவற்றிற் பருத்தி உள்ளாடையை இரண்டு மாதம் புதைத்துவைத்து, எவ்வளவு எஞ்சியது என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. உயிருள்ள மண்ணில் இடுப்புப் பட்டி மட்டுமே மிஞ்சும். நம்மவர் வேட்டித் துண்டொன்றைப் பயன்படுத்தலாம், தத்துவம் ஒன்றே.

இச்சோதனைகளின் சிறப்பு, அவற்றுக்கு ஆய்வுகூடம் வேண்டாமை மட்டுமன்று. விளைச்சல் மாறுவதற்கு முன்பே மண் மாறத் தொடங்கியதை இவை காட்டிவிடும். சேதனக் காபனை வேதியியல் முறையில் அளந்தால் இரண்டாண்டு முயற்சியின் பலன் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். மண்கட்டி நீரில் நிற்கும் நேரமோ ஒரு போகத்துக்குள்ளேயே மாறலாம். விளைச்சல் சற்றுக் குறையும் முதலிரண்டு ஆண்டுகளில் மனந்தளராது தொடர்வதற்குக் கமக்காரனுக்குக் கண்ணாற் காணும் ஓர் ஆதாரம் வேண்டும். பயிற்சி என்பதன் உயிர்நாடி இதுவே எனலாம்.

யார் யாருக்குக் கற்பிப்பது என்பது அடுத்த வினா. 1905இல் இந்தியாவுக்கு வந்த அல்பேட் ஹவார்ட் என்னும் ஆங்கிலத் தாவரவியலாளர், இந்திய உழவரைத் திருத்தும் எண்ணத்தை விரைவிற் கைவிட்டு அவர்களையே ஆசிரியராகக் கொண்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் அவர் உருவாக்கிய கூட்டெரு முறை அவ்வாறு கற்றதன் விளைவு. அவரை நவீன சேதன வேளாண்மையின் தந்தை என்று போற்றுவோர், அவ்வாசிரியர்களின் பெயர்கள் எங்கும் பதியப்படாமையை நினைப்பதில்லை.

தடையையும் பயிற்சியையும் ஒருங்கிணைத்த நாடு ஒன்று உண்டு. இந்தோனேசியாவில் கபிலநிறத் தத்தி நெற்பயிரை அழித்துக்கொண்டிருந்தது. கிருமிநாசினி தெளிக்கத் தெளிக்க அது பெருகியது. அதனைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளுமே முதலில் மடிந்தன. 1986இல் ஜனாதிபதி சுகார்த்தோ விடுத்த பணிப்புரை நெல்லுக்குப் பயன்பட்ட 57 கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. இதுவரை இலங்கைக் கதையைப் போன்றதே. ஆயின் அங்கு கிருமிநாசினிக்கான மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் முற்றாக நீங்கிற்று. அதே ஆண்டில் வயற்பள்ளி என்னும் பயிற்சி முறை தொடங்கிற்று. ஏறக்குறைய இருபத்தைந்து உழவர் ஒரு குழுவாகி, விதைப்பிலிருந்து அறுவடை வரை கிழமைக்கொருமுறை வயலுக்குள் இறங்கினர். பயிரையும் பூச்சியையும் நீர்மட்டத்தையும் பெரிய தாளில் வரைந்தனர். இவ்வாரம் தெளிப்பதா விடுவதா என்று தம்முள் வாதிட்டு முடிவெடுத்தனர். போதனாசிரியர் விடையளிக்காமல் வினாவையே திருப்பிக் கேட்கப் பயிற்றப்பட்டிருந்தார். பட்டம் பெற்றவருக்கு இது கடினமான பயிற்சி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1990களின் இறுதிக்குள் இவ்வாறு பயின்றோர் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. அம்முறை இலங்கைக்கும் வந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் இங்கும் நெற்செய்கையில் வயற்பள்ளிகள் நடைபெற்றன. 2021இல் அதனை எவரேனும் நினைவுகூர்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மண்ணிற் காபன் சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட பெரும் பயிற்சி இயக்கம் இன்று அயலிலேயே, ஆந்திரப் பிரதேசத்தில், நடைபெறுகின்றது. 2016இல் மாநில அரசின் ரைத்து சாதிகார சமஸ்தா என்னும் அமைப்பினால் இது தொடங்கப்பட்டது. இங்கும் கற்பிப்போர் பெரும்பாலும் அதிகாரிகளல்லர். சில ஆண்டுகள் தம் நிலத்திற் செய்துகாட்டிய உழவரே சமூக வளவாளராக அயற்கிராமங்களுக்குச் செல்கின்றனர். மகளிர் சுயஉதவிக் குழுக்களே இவ்வியக்கத்தின் முதுகெலும்பு. சாணம், கோமூத்திரம், வெல்லம், பருப்புமா, ஒருபிடி மண் ஆகியவற்றைப் புளிக்கவைத்த கரைசலும், விதைக்குப் பூசும் கலவையும் வீட்டு முற்றத்திலேயே தயாராகின்றன. இவற்றைவிட முக்கியமானது பருவமழைக்கு முந்திய உலர்விதைப்பு என்பதாகும். அனந்தப்பூர் போன்ற வறண்ட மாவட்டங்களில் நிலம் ஆண்டின் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடப்பது வழக்கம். அங்கே 2018 முதல், தானியம், பருப்பு, எண்ணெய்வித்து, கீரை எனப் பதினைந்துக்கும் மேற்பட்ட விதைகளைக் களியும் எருவும் பூசி உருண்டையாக்கி, காய்ந்த நிலத்தில் வைக்கோல் மூடாக்கின் கீழ் விதைக்கின்றனர். சிறுமழைக்கும் பனிக்கும் அவை முளைக்கின்றன. பெருமழை வருமுன்பே நிலத்தில் வேர் ஓடிவிடுகின்றது. வேர் ஓடும் நாட்கள் மிகுமளவுக்குக் காபன் மண்ணுக்குட் செல்லும் நாட்களும் மிகும் என்பதே இதன் அடிப்படை. 2024இல் லிஸ்பனிலுள்ள குல்பென்கியான் நிறுவனம் மானிடத்துக்கான தன் பரிசை இவ்வியக்கத்துக்கும், ரத்தன் லாலுக்கும், எகிப்தின் செக்கெம் அமைப்புக்கும் பகிர்ந்தளித்தது.

பரிசு கிடைத்ததனால் ஐயங்கள் தீர்ந்துவிடுவதில்லை. இவ்வகை வேளாண்மைக்குப் போதிய விஞ்ஞானச் சான்று இல்லையென 2019இல் இந்தியாவின் தேசிய வேளாண் விஞ்ஞானக் கழகம் எதிர்ப்புத் தெரிவித்தது. புளித்த கரைசலில் உள்ள நைதரசன் மிகச் சிறிதென்பதும், விளைச்சல் நிலைக்கவேண்டுமாயின் அது அவரையினப் பயிர்களிலிருந்தும் எருவிலிருந்துமே வரவேண்டுமென்பதும் மறுக்கவியலாதவை. மண்ணிற் சேரும் காபனை விலைபேசி, மேல்நாட்டுக் கம்பனிகளின் புகைக்கு ஈடாக உழவனின் நிலத்தைப் பதிவுசெய்யும் வணிகமும் தலையெடுத்துள்ளது. அளப்பதே கடினமான ஒன்றை, அதுவும் ஒரு வறட்சியிலோ ஓர் ஆழ உழவிலோ மீண்டும் காற்றுக்குப் போய்விடக்கூடிய ஒன்றை, நிலையான சரக்கெனக் கொண்டு விற்பது நேர்மையாகாது. மேலும் மண் எல்லையின்றிக் காபனை ஏற்பதில்லை. களித்தன்மைக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற அளவொன்றில் வரவும் செலவும் சமமாகி நின்றுவிடும். உலகம் வெளிவிடும் புகையனைத்தையும் மண் விழுங்கிவிடும் எனச் சொல்லும் பயிற்சியாளர் எவரும் நம்பத்தக்கவரல்லர். நீரைப் பிடித்துவைத்தல், பசளைச் செலவைக் குறைத்தல், பயிரை வறட்சியிற் காத்தல் ஆகிய மூன்றுமே கமக்காரனுக்குக் காபன் தரும் வட்டி. அவனுக்கு அது போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கல்வி புதிதாக இறக்குமதியாக வேண்டியதொன்றன்று. கோண்டாவில், உரும்பிராய், ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன் முதலிய செம்மண் ஊர்களிற் குழை தாழ்த்தல் என்பது தோட்டத் தொழிலின் ஓர் அங்கமாகவே இருந்தது. பூவரசங்குழை, கிளிசரியா, காவிளாய் என்பன சால்வெட்டி மண்ணுக்குள் வைக்கப்பட்டன. வேலியடைத்துப் பழுதான பனையோலை எரிக்கப்படாமல் தோட்டத்திற் தாழ்க்கப்பட்டது. பனையோலை மெல்ல உக்குவது. அதன் பயன் ஓராண்டோடு முடிவதில்லை. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் இரவிற் கட்டுவதற்குப் பட்டிக்காரரோடு முன்கூட்டியே பேசிவைப்பர். வெப்பம் மிக்க, சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய படையாகக் கிடக்கும் மண்ணில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பயிர் எடுக்கமுடிந்தது இவ்வோயாத வரவினாலேயே. எவரும் இதனைக் காபன் எனக் கூறவில்லை. பசுந்தாள் என்றும் எரு என்றும் கூறினர்.

துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை உயர்ந்தபோது யூரியாவும் கிருமிநாசினியும் தாராளமாகப் பாய்ந்தன. அவற்றின் மிச்சம் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்கே இறங்கிற்று. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் காட்டினர். சேதனப் பொருள் குறைந்த மண் நைதரசனைப் பிடித்துவைக்க இயலாது என்பதற்குக் கிணற்றுநீரே சாட்சியாயிற்று.

பின்னர் 1990 முதல் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியிருந்தது. ஆகவே 2021இல் தென்னிலங்கைக் கமக்காரர் முதன்முறையாக எதிர்கொண்டதை வடக்கினர் முப்பதாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். அன்று பலர் குழைக்கும் எருவுக்கும் திரும்பினர். திரும்ப முடிந்தது, ஏனெனில் இளமையில் அதனைச் செய்த கைகள் அப்போது தோட்டத்தில் இருந்தன. ஆடுமாடும் வேலிப் பூவரசும் இருந்தன. ஆனால் அதே 1990இலேயே வலிகாமம் வடக்கின் செழிப்பான செம்மண் நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, மக்கள் வெளியேற நேர்ந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வலிகாமம் முழுவதையும் ஊரைவிட்டுக் கிளப்பியது. பலரது காணிகள் 2009இன் பின்னரே சிறுகச் சிறுக விடுவிக்கப்பட்டன. முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்து, நாற்பது வயதிற் பற்றைக்காடாகிய தந்தையின் காணிக்குத் திரும்பும் ஒருவருக்கு, ஓலை எவ்வளவு ஆழத்தில் தாழ்ப்பது, எம்மாதத்தில் தாழ்ப்பது என்பவற்றைச் சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லை. நிலம் திரும்பிவந்தது, அதனைச் செய்யும் அறிவு உடன்வரவில்லை. யூரியா எளிதிற் கற்கக்கூடியது. மூடையின் மேலேயே எழுதப்பட்டிருக்கும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயபீடத்தில் மாணவர் மண்ணின் சேதனக் காபனை அளக்கக் கற்கின்றனர். 1934இல் உவோக்லியும் பிளாக்கும் வகுத்த முறை உலகெங்கும் பயிலப்படுவது. ஒரு பிற்பகலிற் செய்துமுடிக்கலாம். அம்மாணவருட் சிலர் தாம் அளந்த எண்ணோடு நின்றுவிடாது, மண்கட்டியும் கண்ணாடிப் பாத்திரமுமாகக் குப்பிழானிலோ தெல்லிப்பழையிலோ ஒரு கிணற்றடியிற் கமக்காரரோடு ஒரு போகம் முழுவதும் கூடியிருந்தால், இரு தரப்பினரும் கற்பதற்கு நிறைய உண்டு. எண்பது வயதைத் தாண்டிய தோட்டக்காரர் சிலர் இன்னும் உள்ளனர். சால்வெட்டும் முறையை அவர்கள் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவதே எளிது. அதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பதை எவரும் கணித்துக்கொள்ளலாம்.

பயிற்சியாற் தீராத சிக்கல் ஒன்றும் இருக்கின்றது. குடாநாட்டில் இன்று தோட்டஞ் செய்வோருட் பலர் குத்தகைக்காரர். உரிமையாளர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார்; காணி ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ வாய்மொழியாகக் கைமாறும். மண்கட்டி நீரில் நிற்பதைக் கண்டு வியந்த குத்தகைக்காரர் ஒருவர், பத்துப் பரப்புக்கு ஓலை வாங்கித் தாழ்க்க எவ்வளவு செலவாகும், அது உக்கிப் பயன்தர எத்தனை போகம் செல்லும், அதுவரை காணி தம்மிடம் இருக்குமா என்று கேட்பாராயின், அவருக்கு விடைசொல்ல வேண்டியவர் போதனாசிரியர் அல்லர், காணிக்காரரே. அவரோ பயிற்சிக்கு வருவதில்லை.